200 பிளாஸ்மா குழாயும் ஒரு எக்செல் கோப்பும் ஜெர்மனிக்குப் போகணும்: எங்கிருந்து தொடங்குவது?

ஆய்வகச்செல்வி:

வணக்கம். நீரிழிவு உள்ளவர்களில் சிலருக்கு மட்டும் சிறுநீரகம் ஏன் சீக்கிரம் கெட்டுப்போகிறது என்று பார்க்கும் ஆய்வு. இடம், தமிழ்நாட்டில் ஒரு மருத்துவக் கல்லூரி. பங்கேற்றவர்கள் 420 பேர். ஆளுக்கு நான்கு குழாய் ஈடிடிஏ பிளாஸ்மா (இரத்தம் உறையாமல் எடுத்து, அணுக்களை நீக்கிய திரவம்), குழாய்க்கு அரை மில்லி, மைனஸ் 80 ஃப்ரீசரில் இருக்கிறது. டிஎன்ஏவும் தனியாகப் பிரித்து வைத்தாகிவிட்டது.

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் 200 பேருடைய பிளாஸ்மாவை, ஆளுக்கு ஒரு குழாய் வீதம், அனுப்பச் சொல்கிறது. சில புரதங்களை அளந்து தருவார்களாம். கூடவே அந்த 200 பேரின் மருத்துவ விவரங்கள் உள்ள எக்செலும் வேண்டுமாம். கட்டுரை அனுப்பப்போகும் இதழோ, தரவைப் பொதுவில் வை என்கிறது.

ஒப்புதல் படிவத்தில் சேமிப்பு பற்றி இருப்பது இந்த ஒரு வரிதான்: "என் இரத்த மாதிரி இந்த ஆய்வுக்காகச் சேமித்து வைக்கப்படும் என்பதை அறிவேன்." எக்செலில் பெயர், ஓபி எண் இரண்டையும் நீக்கிவிட்டோம். பின்னால் தேவைப்படும் என்று போன் நம்பரை மட்டும் எம்டி5 ஹாஷாக (கணக்கிட்டு உருமாற்றிய குறியீடாக) மாற்றி வைத்திருக்கிறோம். இது போதுமா? பேக்கிங்கை கூரியர்காரர் பார்த்துக்கொள்வார் என்கிறார்கள். நம்பலாமா?

நெறிக்குழுச்செயலர்:

மேடம், பேக்கிங் கடைசி வேலை. அந்த ஒரு வரியில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

"இந்த ஆய்வு" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நெறிமுறைக் குழு அனுமதித்த திட்ட அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அந்தப் புரதங்களை அளப்பது அதில் இருந்தால், மாறுவது செய்யும் இடம் மட்டும். திருத்தம் ஒன்று சமர்ப்பித்துக் கேட்கலாம். இல்லையென்றால் அது புது நோக்கம். பங்கேற்றவர்களை மறுபடி கேட்க வேண்டும், அல்லது ஒப்புதல் விலக்கு வேண்டி குழுவிடம் போக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் விலக்கை அனுமதிக்கின்றன. ஆனால் அது ஆளை இனி கண்டுபிடிக்கவே முடியாத மாதிரிகளுக்கும், பரிசோதனை முடிந்து மிஞ்சிய மாதிரிகளுக்கும்தான் எளிதில் கிடைக்கும். உங்களிடம் போன் நம்பர் இருக்கிறது, பாதிப் பேர் மாதாமாதம் மாத்திரை வாங்க ஓபிக்கு வருபவர்களாகவும் இருப்பார்கள். "கேட்க வழியில்லை" என்ற வாதம் குழு முன் நிற்காது. மருந்துக்கு வரும் நாளில் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வராதவர்களுக்குக் குழு அனுமதித்த உரையை வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். இறந்துபோனவர்களின் மாதிரி பற்றி நீங்களாக முடிவெடுக்காதீர்கள், அந்தப் பட்டியலைத் தனியாகக் குழுவிடம் வையுங்கள்.

"நீரிழிவு ஆய்வுதானே, அதே நோய்தானே" என்று இழுப்பவர்களுக்கு அரிசோனா வழக்கைச் சொல்லலாம். கிராண்ட் கேன்யனுக்குள் வாழும் ஹவசுபாய் பழங்குடியினரிடம் 1990இலிருந்து நீரிழிவு ஆய்வு என்று சொல்லி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இரத்தம் எடுத்தார்கள். அதே மாதிரிகள் பிறகு மனச்சிதைவு நோய், இரத்த உறவுக் கலப்பு, அந்த மக்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பது போன்ற ஆய்வுகளுக்கும் போயின. வழக்கு 2010இல் 7 லட்சம் டாலருக்குச் சமரசமாகி, மிச்ச இரத்தம் அந்த மக்களிடமே திரும்பியது. அங்கேயும் படிவத்தின் வாசகம்தான் சண்டையின் மையம்.

புதுப் படிவத்தில் ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் அள்ளாதீர்கள். சேமிப்பு, வேறு நோய் ஆய்வு, மரபணு ஆய்வு, வெளிநாட்டுக்கு அனுப்புதல், தரவைப் பிற ஆய்வாளர்களுக்குத் தருதல், மறுபடி தொடர்புகொள்ளுதல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆம்/இல்லை. "பகிர்தல்" என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டாரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுவது என்றுதான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். "உங்கள் இரத்தத்தில் கொஞ்சம் ஜெர்மனியில் உள்ள ஆய்வகத்துக்கு விமானத்தில் போகும். உங்கள் பெயர் போகாது, ஒரு எண் மட்டும் போகும்" என்று எழுதினால் யாருக்கும் புரியும். கைநாட்டு வைப்பவருக்குச் சார்பில்லாத சாட்சி வேண்டும். உங்கள் ஆய்வு உதவியாளர் அந்த சாட்சி ஆக முடியாது.

அடுத்தது அனுமதி. மனித மாதிரி ஏற்றுமதிக்கு இருந்த உரிமக் கட்டுப்பாட்டை 2016 ஆகஸ்டில் நீக்கிவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு "இப்போது எதுவும் தேவையில்லை" என்று சொல்பவர்கள் ஏராளம். அது வணிகப் பரிசோதனைகளை மனத்தில் வைத்துச் செய்தது. வெளிநாட்டுக் கூட்டாய்வுக்கு சுகாதார அமைச்சகப் பரிசீலனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பம் ஐசிஎம்ஆர் வழியாகப் போகும். உங்கள் குழுவின் ஒப்புதல், ஜெர்மன் தரப்பின் நெறிமுறை ஒப்புதல், இரு தரப்பு ஒப்பந்தம், மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம் எல்லாம் சேர்த்து வைக்க வேண்டும். இதற்கு மாதங்கள் பிடிக்கும். கூட்டாளிக்கு இன்றே சொல்லிவிடுங்கள். உங்கள் நெறிமுறைக் குழு சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2019ஆம் ஆண்டு மருந்துப் பரிசோதனை விதிகளுக்குப் பிறகு அது கட்டாயம். பதிவு காலாவதியாகி, அதனாலேயே கோப்பு திரும்பி வருவதுண்டு.

மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது நீங்களல்ல, கல்லூரி முதல்வர் அல்லது அதிகாரம் பெற்றவர். அவர்கள் அனுப்பும் ஒப்பந்த வரைவில் சில ஓட்டைகள் எப்போதும் இருக்கும். அளக்கப்போகும் புரதங்களின் பெயர்ப் பட்டியல் இணைப்பாக வர வேண்டும். "தொடர்புடைய உயிரிக்குறிகள்" என்று விட்டால் அதில் எதுவும் அடங்கும். பிளாஸ்மாவிலும் சிதறிய டிஎன்ஏ இருக்கிறது. ஆகவே டிஎன்ஏ, ஆர்என்ஏ பிரிக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுதுங்கள். மூன்றாம் தரப்புக்குத் தரக் கூடாது என்ற வரியில், காசு வாங்கிக்கொண்டு அளந்து தரும் வெளி ஆய்வகமும் மூன்றாம் தரப்புதான் என்று சேருங்கள். அளந்த எண்கள் அத்தனையும் மூல வடிவில் 90 நாளுக்குள் உங்களுக்கு வர வேண்டும். இதைப் போடாமல் விட்டு, தன் நோயாளிகளின் எண்ணை வெளியான கட்டுரையின் படத்திலிருந்து பெயர்த்தெடுக்கும் நிலை பலருக்கு வந்திருக்கிறது. யாராவது விலகிக்கொண்டால் அந்த எண்ணுக்குரிய குழாயையும் தரவையும் 30 நாளுக்குள் அழித்துத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சேரட்டும்.

தரவுத்துப்புரவு:

எக்செல் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

எம்டி5 ஹாஷை உடனே நீக்குங்கள். இந்திய மொபைல் எண் பத்து இலக்கம், தொடங்குவது 6 முதல் 9க்குள். மொத்தமே 400 கோடி வாய்ப்பு. அத்தனைக்கும் எம்டி5 போட்டு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரணக் கணினிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதைவிட வலுவான எஸ்எச்ஏ-256 போட்டாலும் கதை பெரிதாக மாறாது. ஆதாருக்கும் இதே கதிதான். எதிலிருந்தும் கணக்கிடாமல் குலுக்கல் முறையில் ஒரு எண் உருவாக்குங்கள். எந்த எண் யாருக்கு என்ற சாவிப் பட்டியல் வேறொரு கணினியில், மறைகுறியாக்கி, இரண்டே பேர் கையில் இருக்கட்டும். "எம்டியு-எஸ்கே-047" மாதிரி ஊரும் இனிஷியலும் சேர்ந்த குறியீடு இப்போது குழாய் மேலேயே ஒட்டியிருக்கிறதா? அப்படியானால் அனுப்பும் குழாய்களுக்கு வேறு எண் வேண்டும்.

பெயரை எடுத்ததும் வேலை முடியவில்லை. 1990களில் மாசசூசெட்ஸ் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் பெயரில்லாமல் வெளியாயின. லட்டன்யா ஸ்வீனி அப்போது மாணவி. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் வாக்காளர் பட்டியலோடு பொருத்தி, மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே எடுத்துவிட்டார். நம் ஊரில் வாக்காளர் பட்டியல் இணையத்திலேயே கிடக்கிறது: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். உங்கள் எக்செலில் கிராமமும் வயதும் பாலினமும் இருந்தால், எண்பது வீடுள்ள ஊரில் 61 வயதுப் பெண்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

அமெரிக்க விதியில் 18 அடையாளங்களின் பட்டியல் இருக்கிறது. அதை அப்படியே பிரதி எடுப்பதில் ஒரு ஆபத்து, நம் ஊர் அடையாளங்கள் அதில் பெயர் சொல்லி இல்லை. சாதிப் பெயர், கிராமம், ரேஷன் அட்டை எண், ஆபா (தேசியச் சுகாதாரக் கணக்கு) எண், மகப்பேறு விவரம் இருந்தால் பிக்மி எண், முதல்வர் காப்பீட்டு அட்டை எண், "குறிப்பு" என்ற நெடுவரிசை. அந்தக் குறிப்பில்தான் எல்லா விஷமும் இருக்கும்: "பஞ்சாயத்துத் தலைவர் மனைவி", "நம் கல்லூரி நர்ஸ்", "தம்பியும் இதே ஆய்வில்". முழுதாக நீக்குங்கள், திருத்தப் பார்க்காதீர்கள், ஒன்று தப்பும்.

பின்கோடு இருந்தால் முதல் மூன்று இலக்கம் மட்டும், அல்லது வெறும் மாவட்டம். வயது ஐந்தாண்டு வகுப்புகளில். 80க்கு மேல் எல்லாரும் ஒரே வகுப்பு. தேதிகளை ஆய்வில் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்று மாற்றுங்கள். சிறுநீரகத்துக்கு இது போதும். டெங்கு போலப் பருவகால நோய் என்றால் மாதம் தேவைப்படும், அப்போது வேறெதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு மாவட்டம், வயது வகுப்பு, பாலினம், தொழில் இந்த நான்கையும் சேர்த்து, வகைக்கு எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டும் பிவட் அட்டவணை ஒன்று போடுங்கள். ஐந்து பேருக்குக் குறைவாக இருக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் பக்கத்துக் கட்டத்தோடு சேருங்கள். முடிந்ததும் வரிசைகளைக் கலைத்துப் போடுங்கள். சேர்ந்த வரிசையிலேயே கோப்பு இருந்தால் ஓபி பதிவேட்டைப் பக்கத்தில் வைத்து ஆளைச் சொல்லிவிடலாம்.

அந்தப் பிவட் அட்டவணை உள்ள எக்செலை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். மூலத் தாளை அழித்தாலும் அதன் பிரதி பிவட்டுக்குள் ஒளிந்திருக்கும். மறைத்த நெடுவரிசைகளும் அப்படித்தான். சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) மாற்றி, அதை நோட்பேடில் திறந்து கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஜெர்மனிக்கு என்பதால் இன்னொரு சங்கதி. அங்கே தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி. உங்கள் சிஎஸ்வியை அங்குள்ள எக்செலில் திறந்தால் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை அளவு) 7.2 என்பது பிப்ரவரி 7 ஆகிவிடக்கூடும்! அலகும் வேறு: நம் 7 சதவீதம் அவர்களுக்கு 53 மில்லிமோல்/மோல். சர்க்கரை மில்லிகிராமா மில்லிமோலா என்பதில் 18 மடங்கு வித்தியாசம். ஆகவே விளக்கக் கோப்பு ஒன்று கூடவே போகட்டும்: ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அலகு, அளந்த முறை, விட்டுப்போனதைக் குறிக்கும் குறி. விட்டுப்போனதற்கு 999 போட்டிருந்தால் மாற்றுங்கள். யாரோ ஒருவர் அதையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்.

அனுப்புவது 7-ஜிப் மென்பொருளில், ஏஇஎஸ்-256 பூட்டுப் போட்டு, கோப்புப் பெயர்களையும் மறைக்கும் விருப்பத்தோடு. கடவுச்சொல் போனில். அதே மின்னஞ்சலில் அடுத்த வரியில் கடவுச்சொல் எழுதுவது பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது.

மைனஸ்எண்பது:

கூரியர்காரர் பெட்டியைத் தூக்குவார். உள்ளே என்ன என்று அறிவித்துக் கையெழுத்துப் போடுபவர் நீங்கள்; தவறினால் பொறுப்பும் உங்களுடையது.

தொற்று இல்லை என்று பரிசோதித்திருந்தால் "விலக்குப் பெற்ற மனித மாதிரி" என்று அனுப்ப இடமுண்டு. 200 பேருக்கும் அந்தச் சோதனை செய்திருக்க மாட்டீர்கள், ஆகவே யுஎன் 3373 (ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. எண்), பி வகை உயிரியல் பொருள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அடுக்கு: கசியாத குழாய், கசியாத இரண்டாம் உறை, கடினமான வெளிப்பெட்டி. குழாயோ இரண்டாம் உறையோ ஏதாவது ஒன்று 95 கிலோபாஸ்கல் அழுத்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டும். உறைந்த குழாய்களை அடுக்கும் அட்டை கிரையோபாக்ஸ் இரண்டாம் உறை ஆகாது. அதை 95 கிலோபாஸ்கல் பைக்குள் போட்டு, உள்ளே இருக்கும் மொத்த திரவத்தையும் உறிஞ்சும் அளவுக்கு உறிஞ்சு தாள் வையுங்கள். 200 குழாய் என்றால் 100 மில்லி. பொருள் பட்டியல் இரண்டாம் உறைக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவில். வெளியே சாய்சதுரக் குறி, பக்கம் 50 மில்லிமீட்டருக்குக் குறையாமல்.

உலர்பனி (உறைந்த கரியமில வாயு) இரண்டாம் உறைக்கு வெளியே வரும். அதற்குத் தனியாக யுஎன் 1845, ஒன்பதாம் அபாய வகுப்பு லேபிள், நிகர எடை கிலோவில். தெர்மகோல் பெட்டியை டேப்பால் சுற்றி மூச்சுமுட்ட அடைப்பவர்கள் இருக்கிறார்கள். வாயு வெளியேற வழியில்லாவிட்டால் பெட்டி வெடிக்கும். பனி கரையக் கரைய உள்ளே இடம் காலியாகும்; பை அங்குமிங்கும் உருளாதபடி அணை கொடுங்கள். நல்ல பெட்டியிலேயே நாளுக்கு 2 முதல் 5 கிலோ ஆவியாகும். சுங்கத்தில் இரண்டு நாள் நிற்கும் என்று கணக்கிட்டு, வழியில் பனி நிரப்பித் தருவதை கூரியரோடு எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அனுப்புங்கள். வெப்பப் பதிவுக் கருவி மைனஸ் 80 வரை காட்டுவதா என்று பாருங்கள், சாதாரணமானது மைனஸ் 30இலேயே நின்றுவிடும்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அனுப்பாதீர்கள். 100, 100 ஆகப் பிரியுங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் ஒரு பெட்டி, இல்லாதவர்கள் ஒரு பெட்டி என்று மட்டும் பிரித்துவிட வேண்டாம்! ஒரு பெட்டி வழியில் உருகினால் அந்த உருகல்தான் உங்கள் கண்டுபிடிப்பாக வெளியாகும். இரு குழுவையும் இரண்டு பெட்டியிலும் கலந்து வையுங்கள்.

புது எண் ஒட்டுவதாகத் தரவுத்துப்புரவு சொன்னார். உறைந்த குழாயில் லேபிள் பிடிக்காது, ஒட்டினாலும் உதிரும். உறைந்த குழாயைச் சுற்றிக் கட்டுவதற்கென்றே கிரையோ லேபிள் கிடைக்கிறது. உலர்பனி மேல் வைத்து, பத்துப் பத்தாக எடுத்து ஒட்டுங்கள். பால்பாயின்ட் எழுத்து ஆல்கஹால் பட்டால் போய்விடும்.

போய்ச் சேர்ந்ததும் உடனே உருக்க வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதுங்கள். உலர்பனியின் கரியமில வாயு மூடி வழியே புகுந்து பிளாஸ்மாவின் அமிலத்தன்மையைக் கூட்டும். ஒரு நாள் மைனஸ் 80இல் வைத்து வாயு வெளியேறிய பிறகு எடுக்கலாம். ஒவ்வொரு குழாய்க்கும் இரத்தம் எடுத்த நேரம், சுழற்றிப் பிரித்த நேரம், உறைய வைத்த நேரம், எத்தனை முறை உருகியது, இரத்தச் சிதைவு (சிவப்பணு உடைதல்) இருந்ததா என்பதெல்லாம் தரவோடு போக வேண்டும். பிரிக்காமல் வெளியில் வைத்த இரத்தத்தில் சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைகிறது. புரதங்களிலும் சில அப்படித்தான் மாறும். இந்த விவரம் இல்லாத மாதிரியை இலவசமாகத் தந்தாலும் நல்ல ஆய்வகம் வாங்காது.

எதிர்க்கேள்வி:

இவ்வளவு பூட்டும் போட்டால் யார் ஆய்வு செய்வது? 420 பேர் கை நீட்டி இரத்தம் கொடுத்தது ஃப்ரீசரை நிரப்பவா? பெரிய எண்ணிக்கை சேர்ந்தால்தான் நம் மக்களுக்கு ஏற்ற மருந்தளவு தெரியும். இதழ் கேட்பதில் என்ன தவறு? பொதுவில் வைத்துவிட்டுப் போகலாமே.

நெறிக்குழுச்செயலர்:

கேள்வி நியாயமானது. பயன்படுத்தாமல் பத்து வருடம் வைத்து மின்தடையில் கெட்டுப்போக விடுவதும் பங்கேற்றவருக்குச் செய்யும் துரோகம்தான். திறந்து வைப்பதற்கும் பூட்டி வைப்பதற்கும் நடுவில் இடம் நிறைய இருக்கிறது. தரவு எங்கே, என்ன இருக்கிறது, கேட்க என்ன வழி என்பதைப் பொதுவில் வைக்கலாம். தரவைக் கேட்பவருக்கு, நோக்கம் பார்த்துத் தரலாம். பெரும்பாலான இதழ்கள் இதை ஏற்கின்றன, ஆனால் "ஆசிரியரைத் தொடர்புகொள்க" என்று மட்டும் எழுதினால் ஏற்காதவை உண்டு. கல்லூரியின் தரவு அணுகல் குழுவுக்கென்று ஒரு பொது மின்னஞ்சல் கொடுங்கள்.

தரவுத்துப்புரவு:

மருத்துவ விவரத்தை மேலே சொன்னபடி மழுங்கடித்துப் பொதுவில் வைக்கலாம் என்பதே என் கருத்தும், படிவம் அனுமதித்தால். மரபணுத் தரவு வேறு ரகம். அதில் பெயரை நீக்க முடியாது, டிஎன்ஏ எழுத்துத் தொடரே ஆள்தான். ஒருவருடைய டிஎன்ஏ விவரம் கையில் இருந்தால், ஆய்வு வெளியிட்ட குழுச் சராசரிகளைக் கொண்டே அவர் அந்த ஆய்வில் இருந்தாரா என்று சொல்லலாம் என 2008இல் காட்டினார்கள், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அப்போது அந்தச் சராசரிகளைப் பொதுவிலிருந்து எடுத்துவிட்டது. நம்மிடம் அக்கா மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் உண்டு. தாய் தந்தை எவ்வளவு நெருங்கிய உறவு என்பதை ஒரே ஆளின் தொடரே காட்டிவிடும். அதன் மேல் சாதிப் பெயரையும் ஒட்டி வெளியிட்டால் ஆளை விட்டு ஊரையே பேசுவார்கள். ஹவசுபாய் மக்கள் கோபப்பட்ட காரணங்களில் ஒன்றே இதுதான்.

உங்கள் டிஎன்ஏவைப் பின்னால் தொடர்படுத்தினால் ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் கட்டுப்பாட்டு அணுகல் பிரிவில் வையுங்கள். அந்தத் தொடர் பதிவாகும் விசிஎஃப், பிஏஎம் கோப்புகளின் தலைப்பு வரிகளில் பழைய மாதிரிப் பெயரும் உங்கள் கணினியின் ஃபோல்டர் பெயரும் அப்படியே கிடக்கும். பதிவேற்றும் முன் அதை மாற்றுங்கள்.

இன்னொரு வழியை யாரும் கேட்பதில்லை. ஜெர்மன் தரப்புக்கு மருத்துவ விவரம் எதற்கு? புரத அளவோடு ஒப்பிட. அவர்கள் அளந்த எண்ணை உங்களுக்கு அனுப்பட்டும், ஆய்வு நிரலையும் அனுப்பட்டும். நீங்கள் இங்கே ஓட்டி முடிவுகளை மட்டும் திருப்பி அனுப்புங்கள். எக்செல் நாட்டை விட்டுப் போகவே வேண்டாம். அளப்பவருக்கு யார் நோயாளி யார் இல்லை என்று தெரியாமல் இருப்பது அளவீட்டுக்கும் நல்லது.

ஆய்வகச்செல்வி:

மிக்க நன்றி. கடைசி யோசனையை அவர்களிடம் கேட்டுப் பார்க்கிறோம். ஒரு சந்தேகம்: மறு ஒப்புதல் கேட்டு 200க்குப் பதில் 160 பேர்தான் சரி சொன்னால்? மீதி 220 பேரிலிருந்து 40ஐ எடுத்து நிரப்பலாமா?

நெறிக்குழுச்செயலர்:

அவர்களிடமும் கேட்டு, சரி சொன்னால் நிரப்பலாம். எண்ணிக்கை 200 என்று ஒப்பந்தத்தில் இருப்பதால் அளவு மாறாது. ஆனால் மறுத்தவர்கள் யார் என்று பாருங்கள். மறுத்த 40 பேரில் பெரும்பகுதி டயாலிசிஸில் இருப்பவர்களாக இருந்தால், நிரப்புவதும் அந்த வகையிலிருந்தே இருக்கட்டும், இல்லையென்றால் ஒப்பீடு சாய்ந்துவிடும். மறுத்தவர்களின் நான்கு குழாய்க்கும் பழைய படிவம் சொன்ன வேலை மட்டும்தான். ஃப்ரீசர் பட்டியலில் இன்றே "வெளியே போகாது" என்று குறித்துவிடுங்கள்.

மைனஸ்எண்பது:

பட்டியலில் குறித்தால் மட்டும் போதாது, வேறு ரேக்குக்கு மாற்றுங்கள். அவசரத்தில் குழாய் எடுப்பவர் பட்டியலைப் பார்க்க மாட்டார்.